ஜெல்லைப் பார்த்துவிட்டுக் கோழியைக் குறை சொல்லுங்கள்: டிஎன்ஏ தடுப்பூசி பலிக்காதபோது எங்கே தேடுவது

"அக்கா, ரேஷியோ 1.85 வந்துச்சு. டிஎன்ஏ நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா கோழி எல்லாம் போயிடுச்சு."

முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவர். வெள்ளைக்கழிச்சலுக்கு, அதாவது ராணிக்கெட் நோய்க்கு, வைரஸின் எஃப் ஜீனை பிளாஸ்மிட்டில், அதாவது பாக்டீரியாவில் வளர்த்தெடுக்கும் சிறு டிஎன்ஏ வட்டத்தில், வைத்துத் தடுப்பூசி செய்திருந்தார்: கோழியின் செல்லே அந்த ஜீனைப் படித்து வைரஸ் புரதத்தைச் செய்யும், உடல் அதற்கு எதிராகத் தயாராகும். சேலஞ்ச் வைரஸ் (தடுப்பூசி காக்கிறதா என்று பார்க்க வேண்டுமென்றே கொடுக்கும் நோய் வைரஸ்) கொடுத்த பிறகு ஊசி போட்ட கூண்டிலும் போடாத கூண்டிலும் ஒரே காட்சி: இறகைச் சிலிர்த்துக்கொண்டு மூலையில் ஒடுங்கல், பச்சையாகக் கழிச்சல், முறுக்கிய கழுத்து. "எஃப் ஜீன் மட்டும் போதாது" என்று ஆய்வேட்டில் எழுத வேண்டியதுதான் பாக்கி என்று வந்து நின்றார்.

"ஜெல் ஓட்டினியா?"

"நானோடிராப்ல பாத்தேங்கா."

நானோடிராப் ஒளியை வைத்து டிஎன்ஏவின் அளவையும் அந்த 1.85 போன்ற சுத்த விகிதத்தையும் காட்டும் கருவி. ஜெல் என்பது டிஎன்ஏவை மின்சாரத்தில் ஓடவிட்டுப் பட்டைகளாகப் பிரித்துப் பார்ப்பது. மிச்சம் இருந்த குழாயிலிருந்து 2 மைக்ரோலிட்டர் எடுத்து ஓட்டச் சொன்னேன். முக்கால் மணி நேரத்தில் விடை வந்துவிட்டது. ஒரு பட்டை இருக்க வேண்டிய இடத்தில் மூன்று. மேலே இருந்ததுதான் தடிமனாக இருந்தது. லேனின் அடியில் வெண்புகை போல ஆர்என்ஏ. இந்த ஊசியை வாங்கிய கோழி பிழைக்கவில்லை என்பதற்காக ஜீனைக் குறை சொல்ல முடியாது. அந்த ஜீனுக்கு இன்னும் சோதனையே நடக்கவில்லை.

இதைப் பலமுறை பார்த்துவிட்டதால், என்ன கோளாறு தெரிந்தால் எங்கே தேட வேண்டும் என்று எழுதி வைக்கிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் கோழியும் வெள்ளைக்கழிச்சலும்தான், எனக்குக் கைவந்தது அது. எலி, கன்று, மீன் என்று எதில் வேலை செய்தாலும் தேடும் வரிசை ஏறக்குறைய இதுவே.

எச்ஐ டெஸ்டில் எல்லாக் கோழியும் பூஜ்யம்

தடுப்பூசியைத் தொடாதீர்கள். முதலில் டெஸ்டைச் சந்தேகப்படுங்கள்.

எச்ஐ என்பது வைரஸ் சிவப்பணுக்களை ஒட்டவைப்பதைச் சீரம் தடுக்கிறதா என்று பார்ப்பது. ஒட்டவைக்கும் வேலையைச் செய்வது எச்என் புரதம். உங்கள் பிளாஸ்மிட்டில் எஃப் ஜீன் மட்டும் இருந்தால், தடுப்பூசி எவ்வளவு அருமையாக வேலை செய்தாலும் எச்ஐ பூஜ்யம்தான் காட்டும், காட்டவும் வேண்டும். வழக்கமான உயிர்த் தடுப்பூசியான லசோட்டா போட்ட கோழிக்கு எச்ஐ பார்த்துப் பழகிய கை, டிஎன்ஏ தடுப்பூசிக்கும் அதையே எடுத்துக்கொண்டு போகிறது. எஃப் மட்டும் வைத்தவர்கள் முழு வைரஸ் பூசிய எலைசா (ஒட்டும் ஆன்டிபாடியை அளப்பது) அல்லது வைரஸ் நியூட்ரலைசேஷன் (வைரஸை முடக்கும் ஆன்டிபாடியை அளப்பது) பார்க்க வேண்டும். எலைசா கிட் வாங்கும்போதும் கவனம்: சில கிட்கள் எச்என்னுக்கு எதிரான ஆன்டிபாடியோடு போட்டி போடவைக்கும் வகை. அவற்றிலும் இதே பூஜ்யம்தான் வரும்.

எலைசாவிலும் ஒன்றுமில்லை, ஒரு கோழியில்கூட

எல்லாக் கோழியும் ஒன்றுபோலத் தோற்றால் ஊசி போட்ட கையைச் சந்தேகிக்க வேண்டாம். கை தவறினால் ஏழெட்டில் ஒன்றிரண்டாவது தப்பித்துக் காட்டும். இங்கே புரதமே உருவாகவில்லை என்று வைத்துக்கொண்டு தேடுங்கள்.

கோழிக்குப் போட்ட அதே பேட்சிலிருந்து எடுத்து, ஆய்வகத்தில் வளரும் செல்லுக்குள் செலுத்துங்கள், அதாவது டிரான்ஸ்ஃபெக்ட் செய்யுங்கள். பழைய மினிப்ரெப்பிலிருந்து (சிறிய அளவில் பிரித்த பிளாஸ்மிட்) எடுத்தால் சோதனைக்கு அர்த்தமில்லை. ஹெக் 293, பிஹெச்கே 21, எது ஆய்வகத்தில் ஆரோக்கியமாக வளர்கிறதோ அது போதும். வளர்ப்புத் தட்டின் பக்கத்துக் கிணற்றில், ஒளிரும் புரதமான ஜிஎஃப்பியின் பிளாஸ்மிட். அது பச்சையாக ஒளிர்ந்து உங்களுடையது வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதத்தைப் பட்டையாகக் காட்டும் சோதனை) ஒன்றும் காட்டாவிட்டால் கோளாறு கட்டுமானத்தில் இருக்கிறது. ஜீன் தலைகீழாக நுழைந்திருக்கலாம், தொடக்கத்தில் கோசாக் வரிசை (புரதம் எங்கே தொடங்க வேண்டும் என்று செல்லுக்குக் காட்டுவது) விட்டுப்போயிருக்கலாம், பிசிஆரில் ஒரு எழுத்து மாறி நடுவில் ஸ்டாப் விழுந்திருக்கலாம். ஓர் ஆண்டுக்கு முன் செய்த சீக்வென்சிங்கைக் காட்டாதீர்கள். இப்போது கையில் இருக்கும் பேட்சைப் புதிதாக அனுப்புங்கள். கிளிசரால் ஸ்டாக்கை, அதாவது உறையவைத்த பாக்டீரியா இருப்பை, இரண்டு வருடம் சுரண்டிச் சுரண்டி வளர்த்த பிறகு உள்ளே என்ன இருக்கிறது என்பது ஊகம்தான்.

பட்டை வருகிறது, அளவு சரியில்லை என்றால் அதுவும் ஒரு செய்தி. எஃப் புரதம் எஃப்0 ஆக உருவாகி எஃப்1, எஃப்2 என்று வெட்டுப்பட வேண்டும். கோமாரிக்கு, வைரஸின் கூட்டைச் செய்யும் பி1 பகுதியை மட்டும் வைத்துவிட்டு, அதை வெட்டும் 3சி புரோட்டியேஸை வைக்க மறந்தவர்களுக்கும் இந்தக் கதைதான். புரதம் கிடைக்கும், ஆனால் வெட்டுப்படாத நீளப் பட்டையாக. வைரஸின் கூடாக அது சேராது.

போன பேட்ச் வேலை செய்தது, இந்த பேட்ச் செய்யவில்லை

அதே பிளாஸ்மிட், அதே ஜீன், அதே டோஸ். இங்கேதான் அதிகம் பேர் மாட்டுகிறார்கள். தரம் என்ற சொல்லுக்கு முழுப் பொருளும் இங்கேதான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ஈ.கோலைக்குள் இருக்கும் பிளாஸ்மிட் முறுக்கேறிய வட்டம். கயிற்றின் இரண்டு முனையையும் முடிந்து இறுக்க முறுக்கினால் தானே சுருண்டு உருண்டையாகும் அல்லவா, அந்த வடிவம். சூப்பர்காயில் என்பது அதுதான். இரண்டு இழைகளில் ஓர் இழையில் ஒரே ஓர் இடத்தில் வெட்டு விழுந்தால் போதும், முறுக்கு முழுவதும் அவிழ்ந்து தளர்ந்த வட்டமாகிவிடும். இரண்டு இழையும் ஒரே இடத்தில் அறுந்தால் நேராக நீண்டுவிடும். ஜெல்லில் சூப்பர்காயில் வேகமாக ஓடிக் கீழே நிற்கும், நேர் வடிவம் நடுவில், தளர்ந்த வட்டம் மேலே. மூன்றிலும் ஜீன் ஒன்றுதான், எழுத்துப் பிழை கிடையாது, சீக்வென்சிங்கில் வித்தியாசமே தெரியாது. செல்லுக்குள் போய்ச் சேர்வதும் அங்கே வெட்டுப்படாமல் தாக்குப்பிடிப்பதும்தான் வேறு. மனிதருக்கான பிளாஸ்மிட் தடுப்பூசிகளுக்கு அமெரிக்க எஃப்டிஏ 2007-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் சூப்பர்காயில் 80 சதவீதத்துக்கு மேல் இருப்பது நல்லது என்கிறது. கோழிக்கு அப்படிக் கட்டாயம் இல்லை என்றாலும் நான் அந்தக் கோட்டைத்தான் பிடித்துக்கொள்கிறேன்.

ஒரு குறுக்குப் பேச்சு. சூப்பர்காயிலைச் சாமியாக்கவும் வேண்டாம். 1996-ல் இதே வெள்ளைக்கழிச்சலின் எஃப் ஜீனை வைத்து, வேண்டுமென்றே நேராக வெட்டிய பிளாஸ்மிட்டால் கோழிகளைக் காத்துக் காட்டிய ஆய்வு உண்டு. தெரிந்து நேராக்குவது ஒன்று. எத்தனை சதவீதம் என்று தெரியாமல் மூன்றும் கலந்து கிடப்பது வேறு. இரண்டாவதில் ஒரு பேட்சை இன்னொன்றோடு ஒப்பிடவே முடியாது.

சரி, முறுக்கு எங்கே அவிழ்ந்தது? ஜெல்லே பெரும்பாலும் சொல்லிவிடும்.

மேல் பட்டை தடித்திருந்தால் முதலில் ஃப்ரீஸரைப் பாருங்கள். ஒரே குழாயைப் பத்து முறை உறையவைத்து உருக்கியிருப்பீர்கள். அல்லது அது வீட்டு மாடல், தானே பனியைக் கரைத்துக்கொள்ளும் ஃப்ராஸ்ட்-ஃப்ரீ வகையாக இருக்கும். அது நாள்தோறும் உங்களுக்குத் தெரியாமல் கொஞ்சம் சூடாக்கிக் குளிரவைக்கிறது. எதில் கரைத்தீர்கள் என்பதும் முக்கியம். மில்லிக்யூ தண்ணீர் சுத்தம்தான், ஆனால் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை வாங்கிப் புளித்துவிடும். அந்த அமிலத்தில் பியூரின்கள் மெல்ல உதிரும், உதிர்ந்த இடத்தில் இழை அறும். பிஹெச் 8 உள்ள டிஈ பஃபரில் கரைத்து, ஒருமுறைக்குத் தேவையான அளவாகப் பிரித்து வைத்தால் இந்தத் தொல்லை பாதி குறையும். அதிலிருக்கும் ஈடிடிஏ, டிஎன்ஏவை வெட்டும் நொதியான டிஎன்ஏஸ் வேலை செய்யத் தேவையான மக்னீசியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும்.

புதிதாக எடுத்த அன்றே மேல் பட்டை தடித்திருக்கிறதா? அப்படியானால் பாக்டீரியாவைக் கேளுங்கள். புரதம் எடுக்க பிஎல்21 என்ற ஈ.கோலை ரகத்தில் போட்டுவைத்திருந்ததை, சோம்பலில் அதிலிருந்தே மேக்சிப்ரெப் (பெரிய அளவில் பிளாஸ்மிட் பிரிப்பது) போட்ட ஒருவரை எனக்குத் தெரியும். (அந்த ஒருவர் நான்தான்.) அந்த ரகத்தில் டிஎன்ஏவை வெட்டும் எண்டோநியூக்ளியேஸ் உண்டு, குழாயிலேயே அமர்ந்து கொறித்துக்கொண்டிருக்கும். டிஹெச்5 ஆல்ஃபா போன்ற, அந்த நொதி இல்லாத ரகத்துக்கு மாற்றுங்கள். கல்ச்சரையும் 16 மணி நேரத்துக்கு மேல் விடாதீர்கள். வெள்ளிக்கிழமை மாலை போட்டுவிட்டு ஞாயிறு வந்து எடுப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

கீழ்ப் பட்டைக்கும் கீழே, மங்கலாக, பேய் மாதிரி ஒரு பட்டை தெரிந்தால் அது சோடியம் ஹைட்ராக்சைடு செய்த வேலை. செல்லை உடைக்கும் பஃபரில் 5 நிமிடம் என்று கிட்டில் எழுதியிருக்கும். போன் வந்தது, பேசிவிட்டு வந்தேன் என்றால் பிளாஸ்மிட்டின் இரண்டு இழைகளும் திரும்பச் சேர முடியாதபடி பிரிந்து சிக்கிக்கொள்ளும். ரெஸ்ட்ரிக்ஷன் என்சைம் அதை வெட்டாது. ஆனால் நானோடிராப் அதையும் டிஎன்ஏ என்றே எண்ணிக் கணக்கில் சேர்த்துக்கொள்ளும்.

ஜெல்லில் மாதிரியை ஊற்றிய கிணற்றுக்குச் சற்றுக் கீழே கனமாக ஒன்று நின்றால் பாக்டீரியாவின் சொந்த டிஎன்ஏ. உடைத்த பிறகு குழாயை மெதுவாகத் தலைகீழாகச் சாய்க்கச் சொன்னால், நம் ஆட்கள் மோர் கடைவதுபோல் குலுக்குகிறார்கள். அதுதான்.

இனி அளவு. நானோடிராப் காட்டும் 260/280 விகிதத்தை நான் ஏன் நம்புவதில்லை என்பதற்கும் இங்கேதான் பதில். சுத்தமான டிஎன்ஏ 1.8, சுத்தமான ஆர்என்ஏ 2.0. இரண்டும் கலந்தால் இடையில் ஏதோ ஓர் அழகான எண் வரும். 1.85 என்பது அப்படிப்பட்ட எண்ணாகவும் இருக்கலாம். நம் மாணவர் "100 மைக்ரோகிராம் போட்டேன்" என்றார். அதில் ஆர்என்ஏ எவ்வளவு, குரோமோசோம் எவ்வளவு, தளர்ந்த வட்டம் எவ்வளவு என்று கழித்துக்கொண்டே வந்தால் கோழிக்கு உண்மையில் போய்ச் சேர்ந்த சூப்பர்காயில் எவ்வளவோ. ஆர்என்ஏவை அழிக்கச் சேர்க்கும் ஆர்என்ஏஸ் காலாவதியாகியிருந்தது என்று பிறகு தெரிந்தது. இரட்டை இழை டிஎன்ஏவோடு மட்டும் ஒட்டி ஒளிரும் சாயம் வைத்து அளக்கும் கருவி பக்கத்து ஆய்வகத்தில் இருந்தால் கெஞ்சியாவது ஒருமுறை அளந்துகொள்ளுங்கள். புரதம் கொஞ்சம் கலந்திருந்தாலும் 260/280 அசையாது. எண்டோடாக்சின் அதில் தெரியவே தெரியாது. வடிவமும் தெரியாது. ஆக, நமக்கு வேண்டிய எதையும் அது சொல்லவில்லை.

விளைச்சலே குறைந்துபோயிருந்தால் ஆம்பிசிலினைச் சந்தேகியுங்கள். பிளாஸ்மிட் உள்ள பாக்டீரியா வெளியிடும் நொதி, பிளாஸ்மிட் இல்லாதவற்றைத் தடுக்க ஊடகத்தில் சேர்த்த ஆம்பிசிலினை உடைத்துவிடும். பிறகு பிளாஸ்மிட் இல்லாத சோம்பேறிகள் வேகமாகப் பெருகும். தடுப்பூசிக்கென்றே செய்த பிவேக்ஸ்1 போன்ற பிளாஸ்மிட்களில் கானமைசின் எதிர்ப்பு ஜீனை வைத்திருப்பார்கள். அதற்கு முக்கியக் காரணம் பெனிசிலின் ஒவ்வாமை பற்றிய அச்சம், ஆனால் இந்தத் தொல்லையும் சேர்ந்தே தீர்கிறது.

சில கோழிக்கு டைட்டர் (ரத்தத்தில் ஆன்டிபாடி அளவு) ஏறுகிறது, சிலதுக்கு இல்லை

இதில் தரத்தின் பங்கு சிறியது, ஆனால் ஒன்று உண்டு. எத்தனாலில் விழவைத்த பெல்லட்டை அதிகமாகக் காயவிட்டால் அது கரையாது. கரைந்ததுபோல் தோன்றும் குழாயில் அடியில் ஜெல்லி மாதிரி நிற்கும். முதல் நாலு கோழிக்குத் தண்ணீர், கடைசி நாலு கோழிக்கு மொத்தச் சரக்கு. ஓர் இரவு 4 டிகிரியில் வைத்து, காலையில் பிப்பெட்டால் இழுத்துப் பாருங்கள். நுனியில் நூல்போலத் தொங்கினால் இன்னும் கரையவில்லை.

மற்றபடி ஊசி தசைக்குள் போனதா, தோலுக்கடியில் நின்றதா என்று பாருங்கள். குஞ்சு எங்கிருந்து வந்தது என்றும் விசாரியுங்கள். பண்ணைக் குஞ்சென்றால் தாய்க்கோழிக்குத் தடுப்பூசி போட்டிருப்பார்கள், தாய்வழி ஆன்டிபாடி முட்டை வழியாக வந்திருக்கும். ஏறக்குறைய நாலரை நாளுக்கு ஒருமுறை அது பாதியாகும். உங்கள் தடுப்பூசி ஏற்றுவதும் தாய் கொடுத்தது இறங்குவதும் ஒரே வரைபடத்தில் குழம்பும். ஊசி போடுவதற்கு முந்தைய நாள் ரத்தம் எடுக்காமல் இந்த முடிச்சை அவிழ்க்க வழியே இல்லை.

ஊசி போட்ட மறுநாள் வீக்கம், காய்ச்சல், தீவனம் எடுப்பதில்லை

எண்டோடாக்சின். ஈ.கோலையின் வெளிச்சவ்வில் உள்ள லிப்போபாலிசாக்கரைடு. செல்லை உடைத்தவுடன் அதுவும் கரைசலுக்கு வந்துவிடும். அதற்கும் எதிர்மின்னேற்றம், டிஎன்ஏவுக்கும் எதிர்மின்னேற்றம், அதனால் அயனிப் பரிமாற்றத் தூணில் இரண்டும் கைகோத்துக்கொண்டு இறங்கும். சாதா கிட்டில் எடுத்து விலங்குக்குப் போடாதீர்கள், எண்டோடாக்சின் நீக்கும் படி உள்ள கிட்டில் எடுங்கள். டிரைட்டான் எக்ஸ்-114 வைத்துப் பிரிக்கும் முறையும் பழையது, நல்லது. நீங்கியதா என்று எல்ஏஎல் டெஸ்டில் பாருங்கள். குதிரைலாட நண்டின் ரத்தத்திலிருந்து எடுத்தது அது, இருந்தால் உறையும். மேலே சொன்ன எஃப்டிஏ வழிகாட்டுதலில் உடல் எடை கிலோவுக்கு 40 எண்டோடாக்சின் யூனிட்டுக்குக் கீழே என்று இருக்கிறது.

எலியும் கோழியும் எண்டோடாக்சினை ஓரளவு தாங்கிக்கொள்ளும், குதிரையும் மாடும் தாங்காது. எலியில் ஒன்றும் ஆகவில்லையே என்று அதே பேட்சைக் கன்றுக்குக் கொண்டுபோனால் மறுநாள் காய்ச்சல்தான் வரவேற்கும்.

ஜீன் வைக்காத வெறும் பிளாஸ்மிட் போட்ட கோழியும் பிழைத்துவிட்டது

காய்ச்சலைவிட எனக்கு இதுதான் அதிகப் பயம். தோல்வி முகத்துக்கு நேரே தெரியும். இது வெற்றி மாதிரி வந்து ஏமாற்றும்.

பாக்டீரியாவில் வளர்ந்த டிஎன்ஏவில் மெத்தில் ஏறாத சிபிஜி இணைகள் (சி, ஜி எழுத்துகள் அடுத்தடுத்து வரும் இடங்கள்) நிறைய. விலங்கின் உடல் அதைக் கிருமி வந்துவிட்டதற்கான அடையாளமாக எடுத்துக்கொள்ளும். பாலூட்டிகளில் அதைக் கண்டுகொள்ளும் உணரி டிஎல்ஆர்9, கோழிக்கு அது கிடையாது, டிஎல்ஆர்21 அந்த வேலையைப் பார்க்கிறது. எண்டோடாக்சினும் சேர்ந்தால் சில நாட்களுக்கு உடல் முழுக்க விழிப்பு நிலை. அந்த நேரத்தில் சேலஞ்ச் கொடுத்தால் எஃப் ஜீன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சில பிழைக்கும். மீனில் இது இன்னும் தெளிவு: டிரவுட் மீனுக்கு ஒரு ராப்டோவைரஸின் ஜி புரத டிஎன்ஏவைப் போட்டால், முதல் சில வாரங்களுக்கு இன்னொரு ராப்டோவைரஸும் அதை அண்டாது. உடலின் பொதுவான வைரஸ் எதிர்ப்புப் புரதமான இன்டர்ஃபெரான் செய்யும் வேலை அது. பிறகு அந்தப் பாதுகாப்பு கரைந்து, குறிவைத்த வைரஸுக்கானது மட்டும் நிற்கும்.

ஆகவே வெறும் பிளாஸ்மிட் குழு கட்டாயம் வேண்டும். அதை அதே கிட்டில், அதே வாரத்தில், அதே கையால் எடுக்க வேண்டும். தடுப்பூசியை விலையுயர்ந்த கிட்டில் எடுத்துவிட்டு, கன்ட்ரோல்தானே என்று வெறும் பிளாஸ்மிட்டை மலிவான முறையில் எடுப்பது ஊரெங்கும் நடக்கிறது. அப்போது நீங்கள் ஒப்பிடுவது ஜீனை அல்ல, இரண்டு கிட்களை. சேலஞ்சையும் கடைசி ஊசிக்குப் பிறகு இரண்டு வாரமாவது தள்ளுங்கள்.

எலைசா டைட்டர் பிரமாதம், ஆனாலும் செத்துப்போகிறது

இதற்குப் பெரும்பாலும் குழாய் காரணமில்லை. ஒட்டும் ஆன்டிபாடி வேறு, வைரஸை முடக்கும் ஆன்டிபாடி வேறு. நியூட்ரலைசேஷன் பாருங்கள். சேலஞ்ச் வைரஸின் அளவை மறுபடி டைட்ரேட் செய்யுங்கள், சீசாவில் எழுதியிருப்பதை நம்பாமல்.

எலியில் அற்புதம், கன்றில் ஒன்றுமில்லை

எல்லாரும் பேட்சைத்தான் முதலில் திட்டுவார்கள். எண்டோடாக்சினும் சூப்பர்காயிலும் சரி என்றால் பேட்ச் நிரபராதி. எலியின் குட்டித் தசையில் 50 மைக்ரோலிட்டரை ஏற்றும்போது அழுத்தத்திலேயே கொஞ்சம் டிஎன்ஏ செல்லுக்குள் போய்விடும். கன்றின் தொடையில் அது தசைநார்களுக்கு இடையில் வழிந்து, அங்கிருக்கும் டிஎன்ஏஸுக்கு உணவாகும். சந்தைக்கு வந்தவற்றைப் பார்த்தால் புரியும். 2005-ல் அமெரிக்காவில் குதிரைக்கு வெஸ்ட் நைல் டிஎன்ஏ தடுப்பூசி உரிமம் பெற்றபோது துணைமருந்து சேர்த்தே வந்தது. அதே ஆண்டு கனடாவில் சால்மன் மீனுக்கு ஐஹெச்என் நோய்க்கு வந்ததோ வெறும் 10 மைக்ரோகிராம் டோஸ், மீன் தசை அவ்வளவு தாராளம். 2021-ல் இந்தியாவில் மனிதருக்கு அவசர அனுமதி பெற்ற சைகோவ்-டி ஊசியே இல்லாமல் அழுத்தத்தால் தோலுக்குள் செலுத்தும் கருவியோடுதான் வந்தது. உங்களுக்கும் எலக்ட்ரோபொரேஷனோ (மின்துடிப்பால் டிஎன்ஏவைச் செல்லுக்குள் செலுத்துவது) வேறு ஏதாவது வழியோ தேவைப்படலாம். கெட்ட பேட்சை அது காப்பாற்றாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். முறுக்கு அவிழ்ந்த பிளாஸ்மிட்டுக்கு எலக்ட்ரோபொரேஷன் செய்து, கருவி சரியில்லை என்று எழுதிய அறிக்கையும் என் மேசைக்கு வந்திருக்கிறது.

மாணவர் விஷயம் பாக்கி இருக்கிறது. புது ஆர்என்ஏஸ், டிஹெச்5 ஆல்ஃபா, எண்டோடாக்சின் இல்லாத கிட், 5 நிமிடத்துக்கு மேசையில் டைமர். ஜெல்லில் ஒரே பட்டை, மேலே நூல் மாதிரி ஒன்று, அவ்வளவுதான். கோழி இன்னும் வாங்கவில்லை. வாங்குவதற்கு முன், தடுப்பூசியிலும் வெறும் பிளாஸ்மிட்டிலும் ஆளுக்கு இரண்டு குழாய் தனியாக எடுத்து, தேதி எழுதி, மைனஸ் 80-ல் போடச் சொல்லியிருக்கிறேன். சேலஞ்ச் முடிந்த அன்று, கோழிகள் நின்றாலும் விழுந்தாலும், அதிலிருந்து ஒன்றை உருக்கி மறுபடி ஜெல் ஓட்ட வேண்டும்.

"நல்லா வந்தாலுமாக்கா?"

"நல்லா வந்தாத்தான்டா முதல்ல ஓட்டணும்."